டேப்லெட்டா, லேப்டாப்பா? ஏற்காட்டிலிருந்து ஒரு கேள்வி

காபித்தோட்டம்

எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஏற்காட்டுல நாகலூர் பக்கம். சின்ன காபித் தோட்டம், சில்வர் ஓக் மரத்துல மிளகு ஏத்தியிருக்கோம். வீட்டுக்கு ஒரு டேப்லெட் வாங்கலாம்னு யோசனை. கையில இருக்கறது இருபத்தஞ்சாயிரம். இழுத்துப் பிடிச்சா ஒரு ரெண்டாயிரம் கூடும்.

முதல்ல பொண்ணுக்குத்தான். பிளஸ் டூ முடிச்சுட்டா, சேலத்துல காலேஜ் சேரப் போறா. அடுத்தது தோட்டத்துக் கணக்கு. பழம் எடுக்கற சீசன்ல யார் யார் எத்தனை கிலோ எடுத்தாங்கன்னு எடை போடற இடத்துலயே நோட்டுல எழுதி, ராத்திரி உக்காந்து கூட்டி, வாரக் கடைசியில கூலி கொடுக்கறோம். மூடுபனியிலயும் தூறல்லயும் அந்த நோட்டு ஊறி மை பரவிடுது. பத்தா பதினாறான்னு தெரியாம ஆளுங்களுக்கும் நமக்கும் மனத்தாங்கல். மூணாவது எங்க அம்மா. பேப்பர், பக்திப் பாட்டுப் புத்தகம் எல்லாம் படிப்பாங்க. போன்ல எழுத்து பொடிசா இருக்குன்னு விட்டுட்டாங்க.

மழைக்காலத்துல கரண்ட் போனா எப்ப வரும்னு சொல்ல முடியாது. வீட்டுக்குள்ள சிக்னல் சுமார்தான், வாசத்திண்ணைக்கு வந்தா நல்லா இருக்கும்.

இத்தனைக்கும் ஒரே பொருள் போதுமா? கடையில கேட்டா எல்லாம் பண்ணலாம் சார்ங்கறாங்க. வச்சிருக்கறவங்க சொல்லுங்க.

நோட்டுப்புத்தகம்

அங்கிள், கண்ணை மூடிக்கிட்டு டேப்லெட் வாங்குங்க. நான் சேலத்துல தாவரவியல் கடைசி வருஷம் படிக்கறேன். சார் அனுப்பற பிடிஎஃப் மேலயே பேனாவால அடிக்கோடு போட்டு, ஓரத்துல குறிப்பு எழுதி, பக்கத்துலயே இலையோட குறுக்குவெட்டு வரைஞ்சு வச்சுக்குவேன். திரையை ரெண்டாப் பிரிச்சா இந்தப் பக்கம் புத்தகம், அந்தப் பக்கம் என் குறிப்பு. போன்ல இதை நினைச்சே பாக்க முடியாது. லேப்டாப்ல படம் வரைய முடியாது. எடை அரைக் கிலோதான், கண்ணங்குறிச்சி பஸ்ல நின்னுக்கிட்டே படிக்கறேன்.

பேனாவை மட்டும் பார்த்து வாங்குங்க. நூறு ரூபாய்க்கு ரப்பர் முனை வச்சு விக்கறாங்களே, அதை வாங்காதீங்க. திரைக்கு அதுவும் ஒண்ணு, விரலும் ஒண்ணு. கையை ஊன்றி எழுதினா உள்ளங்கை பட்ட இடமெல்லாம் கோடு விழும். அந்தந்த டேப்லெட்டுக்குன்னு வர்ற பேனான்னா முனையை மட்டும் தனியாத் தெரிஞ்சுக்கிட்டு உள்ளங்கையை விட்டுடும். சாம்சங் எஸ் பென் பேட்டரி இல்லாமலே எழுதும், எஸ்6 லைட் மாதிரி மாடலுக்குப் பெட்டியிலயே வரும். ஐபேடுக்கு ஆப்பிள் பென்சில்ங்கற பேனாவைத் தனியாக் காசு கொடுத்து வாங்கணும், அதுக்கும் சார்ஜ் போடணும். ஒண்ணோட பேனா இன்னொண்ணுல ஒரு புள்ளிகூட வைக்காது, அதனால மாடல் பேரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்க.

ஐந்துரோடு_சர்வீஸ்

தங்கச்சி சொன்னதுல படிப்பு சம்பந்தப்பட்டது எல்லாம் சரி. கண்ணை மூடிக்கிட்டு வாங்கறதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். ஐந்து ரோடு பக்கம் போன், டேப்லெட், லேப்டாப் சர்வீஸ் பண்றேன். தினமும் பிரிச்சுப் பாக்கறவன்ங்கற முறையில சொல்றேன்.

பெரும்பாலான லேப்டாப்ல அடியில திருகாணிதான். கழட்டினா பேட்டரி, எஸ்எஸ்டி (ஃபைல் எல்லாம் சேமிக்கற பாகம்) கையில வந்துடும். பெரும்பாலான டேப்லெட்ல திருகாணியே கண்ணுக்குப் படாது, கண்ணாடியைச் சுத்தி முழுக்கப் பசை. சூட்டுத் தட்டுல வச்சுப் பசையை இளக்கி, மெல்லிசு பிளாஸ்டிக் தகட்டை ஓரத்துல செருகி, விரற்கடை விரற்கடையா நகர்த்திக்கிட்டே சுத்தி வரணும். ஒரு ஓரத்துல டிஸ்ப்ளே ரிப்பன், அதாவது திரைக்குப் போற மெல்லிசு கேபிள், ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்த இடத்துல தகடு அரை இன்ச் உள்ள போனா நல்லா இருந்த திரையும் போச்சு. அதனாலதான் வெறும் பேட்டரி மாத்தவும் கூலி அதிகம் கேக்கறோம். விலை குறைஞ்ச டேப்லெட்ல மேல் கண்ணாடி தனியா வரும், அதை மட்டும் மாத்திடலாம். விலை கூடின மாடல்ல கண்ணாடியும் டிஸ்ப்ளேவும் ஒண்ணா ஒட்டியிருக்கும். எழுதறதுக்கு அதுதான் சுகம், பேனா முனைக்கும் எழுத்துக்கும் நடுவுல இடைவெளி தெரியாது. உடைஞ்சா மொத்தமா மாத்தணும்.

அடுத்தது பேட்டரி. லித்தியம் பேட்டரிக்கு ஆகாதது சூடும், எந்நேரமும் நூறு சதவீதம் நிறைஞ்சே கிடக்கறதும். ஐபேடை 35 டிகிரி வரைக்கும் உள்ள இடத்துல பயன்படுத்தச் சொல்லி ஆப்பிளே எழுதியிருக்கு. சித்திரை, வைகாசியில சேலம் அதைத் தாண்டித்தான் நிக்கும். இங்க வர்ற உப்பின டேப்லெட்டுல பாதி, டிவி பக்கத்துல சார்ஜர்லயே சொருகி வச்சுக் குழந்தைங்க படம் பாத்தது. ஒரு ஓரத்துல திரை மேல எழும்பி, நகம் நுழையற அளவு இடைவெளி தெரியும். அப்படித் தெரிஞ்ச நிமிஷமே அணைச்சுடணும், அதுக்கு மேல சார்ஜ் போடவே கூடாது. இப்ப நிறைய மாடல்ல 80 சதவீதத்தோட சார்ஜை நிறுத்தற வசதி செட்டிங்ஸ்ல இருக்கு, வாங்கின அன்னைக்கே போட்டுடுங்க. உங்க மலைக் குளிர் பேட்டரிக்கு நல்லதுதான் அண்ணா.

இதெல்லாம் விட எனக்கு வருத்தமானது அப்டேட் விஷயம். 2014-ல வந்த ஐபேட் ஏர் 2-க்கு, 2021-ல வந்த ஐபேட்ஓஎஸ் 15 வரைக்கும் கிடைச்சது. விலை குறைஞ்ச ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்கு அவ்வளவு காலம் எதிர்பார்க்க முடியாது. திரை பளிச்சுன்னு இருக்கும், பேட்டரி நிக்கும், ஆனா செயலி ஒவ்வொண்ணா இந்தச் சாதனத்துல ஓடாதுன்னு கதவைச் சாத்திடும். குரோமே 2025-லேருந்து ஆண்ட்ராய்டு 10-க்குக் கீழ இருந்தா புதுப் பதிப்பு தர்றதில்லை. பழுதே இல்லாத பொருளை இனி ஒண்ணும் பண்ண முடியாதும்மான்னு ஒரு அம்மா கையில திருப்பிக் கொடுக்கறது இருக்கே, அதுதான் இந்தத் தொழில்ல ரொம்பக் கஷ்டம். தள்ளுபடியில பழைய மாடல் வந்தா, இன்னும் எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் பாக்கி இருக்குன்னு பாத்துட்டுப் பணத்தை எடுங்க.

குகை_ஜக்கார்டு

நாங்க நெசவுக் குடும்பம், நான் டிசைன் போடறேன். அப்பா காலத்துல கட்டம் போட்ட கிராஃப் தாள்ல பென்சிலால ஒவ்வொரு கட்டமா நிரப்பித்தான் பார்டர், புட்டா எல்லாம். ஜக்கார்டுங்கறது தறி மேல இருந்து டிசைனுக்கு நூலைத் தூக்கற கருவி, ஒரு கட்டத்துக்கு அதுல ஒரு கொக்கி. நான் அதே வேலையை டேப்லெட்ல செய்யறேன். 240 கொக்கி ஜக்கார்டுன்னா 240 புள்ளி அகலத்துல ஒரு பக்கம் திறப்பேன். பாதி மாங்காய் வரைஞ்சா மறுபாதி தானே எதிர்ப்பக்கம் விழுந்துடும். முந்தானைக் கலரை மாத்திக் கேட்டா முதலாளி எதிர்லயே மாத்திக் காட்டிடலாம். இந்த வேலைக்கு லேப்டாப்பும் மவுஸும் ஈடே ஆகாது. கை எப்படி வளையுதோ கோடும் அப்படியே வளையணும்.

டிசைன் போடறவங்க யாராவது இதைப் படிச்சா, ஒரு விஷயத்தைக் கவனிச்சுக்குங்க. வரையற செயலி பெரும்பாலும் கோடு வழுவழுன்னு தெரியணும்னு ஓரத்துல அரை நிறத்துல புள்ளிகளைச் சேர்த்துடும். கண்ணுக்குத் தெரியாது. கார்டு அடிக்கற (டிசைனைத் தறிக்கான துளை அட்டையா மாத்தற) இடத்துல கம்ப்யூட்டர்ல போட்டா அது ஒவ்வொரு சாயலையும் தனித்தனிக் கலரா எண்ணும், ரெண்டு கலர் டிசைன் பத்து கலரா வந்து நிக்கும். அதனால தூரிகையைப் பிக்சல் வகைக்கு மாத்திக்கணும், பிஎன்ஜியாத்தான் சேமிக்கணும். ஜேபெக்னா ஓரம் மறுபடியும் கலங்கிடும்.

அந்தக் கார்டு அடிக்கற மென்பொருள் எங்க பக்கம் விண்டோஸ்லதான் ஓடுது. ஆக டேப்லெட் பாதி வழிக்குத்தான் கூட வருது. என் தொழிலே அந்தப் பாதியிலதான் இருக்குங்கறதால எனக்கு அது பெருசு. உங்க வீட்டு வேலை எந்தப் பாதியில இருக்குன்னு பாருங்க.

சுண்ணக்கட்டி

ஓமலூர் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் தொடங்கியது. 2024-இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு டேப்லெட் கொடுத்தது. வகுப்பறையில் அதன் பயனை நேரில் பார்க்கிறேன். தரையில் வட்டமாக உட்கார்ந்து நடுவில் வைத்தால் சுற்றிலும் பிள்ளைகள் குனிந்து பார்க்கலாம். மடிக்கணினியின் மூடி எதிரில் இருக்கும் பிள்ளைக்கு மறைக்கும். எழுத்தின் சுழியை விரலால் இழுத்துக் காட்டினால் 'ண'வுக்கு எத்தனை சுழி என்ற குழப்பம் சட்டென்று தீர்கிறது.

ஆனால் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி எனக்கு வேறு கவலை உண்டு. 2011 அக்டோபரில் மத்திய அரசு ஆகாஷ் டேப்லெட்டை வெளியிட்டது. 7 அங்குலத் திரை, 256 எம்பி ராம், அழுத்தினால்தான் உணரும் தொடுதிரை. ஏழைப் பிள்ளையின் கையில் ஒரு கணினி என்பது மிக நல்ல எண்ணம். கருவி அந்த எண்ணத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், 2011 செப்டம்பரில், தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த மடிக்கணினியில் தட்டச்சு பழகி டிடிபி, பில்லிங் என்று வேலைக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். டேப்லெட் மட்டும் வைத்திருக்கும் பிள்ளைகள் நிறையப் பார்க்கிறார்கள், நிறையக் கேட்கிறார்கள். நாலு பக்கம் எழுதச் சொன்னால் வாயால் சொல்லி எழுத்தாக்கி அனுப்புகிறார்கள். ஒற்றெழுத்துகள் உதிர்ந்துபோய் வருகின்றன, திருத்திப் படிக்கும் பொறுமையும் அவர்களுக்கு இல்லை.

காபித்தோட்டம் ஐயா, உங்கள் மகள் என்ன படிப்பு சேருகிறாள்? அது தெரியாமல் நாங்கள் சொல்வது எதுவும் உங்களுக்கு உதவாது.

காபித்தோட்டம்

டீச்சர், பி.காம். சி.ஏ. (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) சேரப் போறா. ஹாஸ்டல் இல்லை, அஸ்தம்பட்டியில என் தங்கச்சி வீட்ல தங்கிப் படிப்பா. சனி, ஞாயிறு மேல வந்துடுவா. இவ்வளவு பேர் பொறுமையா எழுதறதைப் பாக்க சந்தோஷமா இருக்கு.

ஐந்துரோடு_சர்வீஸ்

பி.காம்.னா கதையே வேற அண்ணா. டேலிங்கற கணக்கு மென்பொருளை நிறுவ விண்டோஸ் வேணும். ஆண்ட்ராய்டுலயும் ஐபேட்லயும் அது ஏறாது. விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தா எஜுகேஷன் மோடுன்னு ஒண்ணைக் காசில்லாமப் போட்டுக்கலாம். அதுல மாசத்துல 1, 2, 31 தேதிக்கு மட்டும்தான் பதிவு போட முடியும், மத்தபடி பழகத் தேவையானது பெரும்பாலும் இருக்கும். வீட்ல உக்காந்து பழக அது தாராளம்.

எக்செல்லும் அப்படித்தான். டேப்லெட் செயலியில கூட்டல் கழித்தல் எல்லாம் நடக்கும், மேக்ரோ (வேலையைத் தானாச் செய்யற கட்டளைத் தொகுப்பு) ஓடாது. 10.1 இன்ச்சுக்கு மேல திரை இருந்தா மைக்ரோசாஃப்ட் செயலியில திருத்தறதுக்குச் சந்தா கேக்கும். பெரிய டேப்லெட் வாங்கறவங்க பலருக்கு இது தெரியறதில்லை.

நோட்டுப்புத்தகம்

அண்ணா, டேலி காலேஜ் லேப்ல இருக்கும்ல? முழு நேரமும் டேலியா படிக்கப் போறா? வணிகச் சட்டம், பொருளாதாரம், காஸ்டிங்னு எல்லாம் புத்தகம்தானே. அதோட 25,000-க்குப் புது லேப்டாப் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். பூட் ஆகறதுக்குள்ள பாடமே முடிஞ்சுடும், திரை பக்கவாட்டுல பாத்தா வெளிறிப்போகும். அதே காசுக்கு டேப்லெட் வேகமா இருக்கும், திரையும் அருமையா இருக்கும்.

கரண்டையும் யோசிங்க. லேப்டாப்புக்கு 45, 65 வாட் சார்ஜர் வேணும். டேப்லெட்டுக்கு 15, 18 வாட்டே போதும். 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் ஒண்ணு இருந்தா டேப்லெட்டை ஒண்ணரைத் தடவை நிரப்பலாம். மேல மழையில கரண்ட் போனா சனி, ஞாயிறு முழுக்க அவளால படிக்க முடியும். இதை யாரும் கணக்குலயே எடுக்கலையே.

ஐந்துரோடு_சர்வீஸ்

கரண்ட் பாயின்ட் நல்ல பாயின்ட் தங்கச்சி, அதை நான் மறுக்க மாட்டேன். புது லேப்டாப் அந்த விலைக்கு வேண்டாம்ங்கறதும் சரி. நான் சொல்ல வந்தது கம்பெனிகள்ல ஓடி வந்த பழைய லேப்டாப்பை. அதுல கீபோர்டு, கீல் எல்லாம் கெட்டியா இருக்கும், ராமையும் எஸ்எஸ்டியையும் கூட்டிக்க முடியும். ஒரு விஷயம்தான் முக்கியம். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்சுது. இன்டெல் ப்ராசஸர்னா 8-ஆம் தலைமுறையோ அதுக்கு மேலயோ இருந்தாத்தான் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கணக்குல சேரும். அதுக்குக் கீழ இருந்தா எவ்வளவு மலிவாக் கொடுத்தாலும் தொடாதீங்க. 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, கடை பில், எழுத்துல வாரன்டி. மூடியைத் திறந்து பாதியில விட்டா அப்படியே நிக்கணும், தானா விழுந்தா கீல் தளர்ந்திருக்குன்னு அர்த்தம்.

லேப்ல டேலி இருக்கும், ஆனா ஒரு சிஸ்டத்துக்கு ரெண்டு பேர் உக்காருவாங்க. கீபோர்டு யார் கையில இருக்கோ அவங்களுக்குத்தான் வரும். கணக்கு வேலைக்கு ஆள் எடுக்கறவங்க முதல்ல பாக்கறது எண் தட்டற வேகத்தை. அது விரல்ல ஏறணும், திரையைத் தடவி ஏறாது.

சுண்ணக்கட்டி

சர்வீஸ் தம்பி சொல்வதை நானும் வழிமொழிகிறேன். கிராமத்திலிருந்து வரும் பெண் பிள்ளைகள் லேபில் பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்களாகவே இருந்துவிடுகிறார்கள். தன் கையில் ஒரு கீபோர்டு இருந்தால் அந்தத் தயக்கம் போய்விடும்.

செவ்வாய்ப்பேட்டை_வெள்ளி

லேப்டாப் பக்கம் எல்லாரும் சாயறதைப் பாத்து எழுதறேன், டேப்லெட்டுக்காகவும் ஒருத்தன் பேசணும். எங்களுக்குக் கொலுசு தொழில். வெளியூர்க் கடைகளுக்கு டிசைன் காட்ட முன்ன பெரிய ஆல்பம் தூக்கிக்கிட்டுப் போவோம். இப்ப ஒரு டேப்லெட் போதும். கல்லாப் பெட்டி மேல லேப்டாப்பைத் திறந்து வச்சா கடைக்காரர் எட்டி நின்னு பாப்பார். டேப்லெட்டை அவர் கையிலயே கொடுத்துடலாம். அவரே தள்ளித் தள்ளிப் பாப்பார், ரெண்டு விரலை விரிச்சுக் கண்ணியில பற்றவைப்பு சுத்தமா இருக்கான்னு பாப்பார். சலங்கை எத்தனை, முத்து எந்த இடத்துலன்னு அவர் விரலே காட்டும். ஆர்டர் பேச்சு அங்கேயே முடியும். கண் பாதுகாப்பு மோடை மட்டும் அணைச்சு வைக்கணும். அது ஓடினா வெள்ளி மஞ்சளாத் தெரியும், தரத்து மேலயே சந்தேகம் வந்துடும்.

சிம் போடற மாடலா, வைஃபை மாடலான்னு யாரும் சொல்லலை. வைஃபை மாடல் விலை குறைவு, போன் ஹாட்ஸ்பாட்ல ஓட்டிக்கலாம். ஆனா யூபிஐ செயலி சிம்மோட சேர்ந்துதான் பதிவாகும், சிம் இல்லாத டேப்லெட்ல ஓடாது. வாட்ஸ்அப் வரும், போன்ல இருக்கற கணக்கையே இணைச்சுக்கலாம். ஐபேடுக்குன்னு வாட்ஸ்அப் 2025 மே மாசம்தான் வந்துச்சு. வைஃபை ஐபேட்ல ஜிபிஎஸ் கிடையாது, வழி பாக்க வாங்கறவங்க ஏமாந்துடாதீங்க. வெயில் காலத்துல காருக்குள்ள விட்டுட்டுப் போகவே கூடாது.

உருக்காலை_ஓய்வு

வணக்கம். உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் அம்மாவின் தேவையை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். என் வயதுக்காரர்கள் பலருக்கு டேப்லெட்தான் வாசிப்பைத் திருப்பிக் கொடுத்தது. கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அச்சுப் புத்தகத்தை விட்டிருந்தேன். இப்போது மறுபடி படிக்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

டேப்லெட்டின் அளவை மூலைக்கு மூலை சொல்வார்கள். நமக்கு வேண்டியது அகலம். 16-க்கு 10 என்ற வடிவத்தில் 11 அங்குல டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் திரை அகலம் 14.8 செ.மீ. தான். ஏ4 தாள் 21 செ.மீ. ஆக, ஏ4 பக்கம் பத்தில் ஏழு பங்காகச் சுருங்கித் தெரியும். 4-க்கு 3 வடிவத்தில் அதே 11 அங்குலம் என்றால் அகலம் 16.8 செ.மீ., பத்தில் எட்டுப் பங்கு. 8.7 அங்குல டேப்லெட்டில் பாதிக்குச் சற்றுக் கூடத்தான். சினிமா பார்க்க நீள வடிவம் நல்லது, படிக்கச் சதுரத்துக்கு நெருங்கிய வடிவம் நல்லது.

இன்னொன்று, எல்லா மின்னூலும் ஒன்றல்ல. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் தரும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் திருவாசகம், தேவாரம், திவ்வியப் பிரபந்தம் எல்லாம் தட்டச்சு செய்த எழுத்தாகவே கிடைக்கின்றன. அதன் இணையப் பக்கத்தில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி மடிந்து திரைக்குள் நிற்கும். தமிழ் இணையக் கல்விக் கழக மின்னூலகத்தில் பழைய நூல்கள் ஏராளம், ஆனால் அவை பக்கத்தைப் படம் பிடித்தவை. பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும், வரிக்கு வரி இடமும் வலமும் தள்ளிக்கொண்டே படிக்க வேண்டும். செய்தித்தாளின் இ-பேப்பரும் அப்படியே. அதே செய்தியை இணையதளத்தில் திறந்தால் அந்தத் தொல்லை இல்லை. வாங்கிய உடனே செட்டிங்ஸில் எழுத்தளவைக் கூட்டி, வெளிச்சத்தைக் குறைத்து, அம்மா படிக்கும் பக்கங்களை முகப்பிலேயே வைத்துக் கொடுங்கள். பாஸ்வேர்டு, அப்டேட் அறிவிப்பு, விளம்பரம் இவைதான் முதியவர்களை விரட்டுகின்றன. எழுத்து சிறியது என்பது அதற்குப் பிறகுதான்.

காபித்தோட்டம்

ஐயா, எங்க அம்மாவுக்கும் கண்புரை ஆபரேஷன் ஆனதுதான். நீங்க எழுதினதை அவங்களுக்கு அப்படியே படிச்சுக் காட்டினேன். திருவாசகம் பெரிய எழுத்துல வருமான்னு ரெண்டு தரம் கேட்டுட்டாங்க.

பொண்ணு விஷயம் எனக்குத் தெளிவாயிடுச்சு, லேப்டாப்தான். இனி தோட்டக் கணக்கு ஒண்ணுதான் பாக்கி. எடை போடற இடத்துல டேப்லெட் வச்சுக்கிட்டா மழைக்குத் தாங்குமா? ஐபி68-ன்னு போட்டு சில மாடல் விக்கறாங்களே?

ஐந்துரோடு_சர்வீஸ்

ஐபி68-ன்னா தண்ணி உள்ள போகாது, அவ்வளவுதான் அண்ணா. ஈரத் திரையில விரல் சரியா வேலை செய்யாது. விரல் பட்டா திரையோட மின்புலம் மாறும், இந்தத் திரை அதை வச்சுத்தான் தொட்டதைக் கண்டுபிடிக்குது. ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தா அதையும் விரல்னு நினைக்கும். 12 கிலோன்னு போட 112-ன்னு விழும். பழம் எடுத்துப் பிசுபிசுன்னு இருக்கற கையோட சொல்லவே வேணாம். அந்த மாதிரி மாடல் விலையும் பெரும்பாலும் உங்க பட்ஜெட்டைத் தாண்டும்.

சுண்ணக்கட்டி

ஐயா, மை பரவுகிறது என்றால் பென்சிலால் எழுதுங்கள். பென்சில் கரி தண்ணீரில் கரையாது. தேர்தல் வேலை, மக்கள்தொகைக் கணக்கு என்று மழையில் அலைந்த எங்களுக்கு அது பழக்கம். அட்டைப் பலகையில் தாளைச் செருகி எழுதி, அன்றைய தாளை மாலையில் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஆளுக்கும் அந்தப் படத்தை அனுப்பலாம், மனத்தாங்கலுக்கு இடமே இருக்காது. மகள் சனிக்கிழமை வரும்போது எக்செலில் ஏற்றட்டும். படித்ததை உடனே சொந்தத் தோட்டத்தில் போட்டுப் பார்க்கும் வாய்ப்பு எந்த லேபிலும் கிடைக்காது.

நோட்டுப்புத்தகம்

டீச்சர் சொன்னது பிடிச்சிருக்கு. கூகுள் ஷீட்ஸ்ல போட்டா சந்தாவும் வேண்டாம். ஆஃப்லைனை ஆன் பண்ணி வச்சா சிக்னல் இல்லாதப்பவும் எழுதலாம், திண்ணைக்கு வந்ததும் தானா மேல ஏறிடும். அங்கிள் போன்லயும் அதே கணக்கைப் பாக்கலாம்.

என் வாக்கு மட்டும் இப்பவும் டேப்லெட்டுக்குத்தான். அவ மேற்படிப்புக்குப் போனா அப்ப பேனாவோட ஒண்ணு வாங்கிக் கொடுங்க.

காபித்தோட்டம்

முடிவு பண்ணிட்டோம். காலேஜ் திறக்கறதுக்குள்ள பொண்ணுக்குப் பழைய கம்பெனி லேப்டாப் ஒண்ணு, 8-ஆம் தலைமுறைக்குக் கீழ போகாம. தோட்டத்துக்குப் பென்சிலும் அட்டையும். அம்மாவுக்கு டேப்லெட், ஆனா இந்த சீசன் பழம் வித்த காசு வந்த பிறகு. பேனா வேண்டாம், சிம் வேண்டாம். 8.7 இன்ச்சா, 11 இன்ச்சா? ஐயா கணக்குப்படி 11 தான் நல்லதுன்னு படுது.

உருக்காலை_ஓய்வு

படிக்க 11 தான். ஆனால் அரைக் கிலோவைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் படிப்பது அம்மாவுக்கு முடியுமா என்று பாருங்கள். என்னால் முடியவில்லை. மடித்து நிறுத்தும் உறையும் சேர்த்து வாங்கி, மேசையில் சாய்த்து வைத்துத்தான் படிக்கிறேன். அம்மா சாய்வு நாற்காலியிலோ கட்டிலிலோ படிப்பவர் என்றால் 8.7 அங்குலமே சௌகரியம். இ-பேப்பரை மறந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்துரோடு_சர்வீஸ்

வாங்க வரும்போது அம்மாவையும் கூட்டிட்டு வாங்க அண்ணா. கடையில காட்சிக்கு வச்சிருக்கற பீஸ்ல படம் ஓட்டித்தான் காட்டுவாங்க, அதை நிறுத்தச் சொல்லுங்க. அவங்க படிக்கற திருவாசகப் பக்கத்தைத் திறந்து, எழுத்தைப் பெருசாக்கி, ரெண்டு அளவையும் மாத்தி மாத்திக் கையில கொடுங்க. 4 ஜிபி ராமுக்குக் கீழ வேண்டாம். பில்லுல மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் பெட்டியில இருக்கறபடியே இருக்கணும். லேப்டாப்பை முடிவு பண்றதுக்கு முன்ன கடைக்குக் கொண்டுவந்தா கீல், பேட்டரி, கீபோர்டு எல்லாம் பாத்துச் சொல்றேன், அதுக்குக் காசு வேண்டாம்.